பொதுக் கணக்கில் விம்: ஈ325 வந்தால் கோப்பை யார் திறந்திருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சர்ஜாபூர் ரோடு:
பெங்களூரு ஆபீஸில் ஆறு பேருக்கும் சர்வரில் ஒரே டிப்ளாய் கணக்கு. யாமல் கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்பு) விம் எடிட்டரில் திறந்தால், ஸ்வாப் கோப்பு (சேமிக்காத மாற்றங்களை விம் வைத்திருக்கும் துணைக் கோப்பு) ஏற்கெனவே இருக்கிறது என்று ஈ325 அட்டென்ஷன் எச்சரிக்கை வருகிறது. ஓனர் டிப்ளாய் என்றே காட்டுவதால் ஆள் யாரென்று தெரியவில்லை. எல்லோரும் ‘எடிட் எனிவே’ அடித்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். ஸ்வாப் கோப்பை அழித்துவிடலாமா?

முனையம்:
அழிக்காதீர்கள். எச்சரிக்கையில் பிராசஸ் ஐடி (ஓடும் நிரலின் எண்) பக்கத்தில் ‘ஸ்டில் ரன்னிங்’ என்று இருந்தால் கோப்பு இப்போதும் யாரிடமோ திறந்திருக்கிறது. க்யூ அடித்து வெளியே வந்து, ‘பிஎஸ் -எஃப்பி’ போட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். டிடிஒய் (எந்த டெர்மினல்) பத்தியில் பிடிஎஸ்/3 என்பதுபோல வரும். அடுத்து, உள்ளே இருப்பவர்களைக் காட்டும் ‘ஹூ’ அடித்தால் அதே பிடிஎஸ்/3-க்கு நேராக ஐபி இருக்கும், ஆள் சிக்கிவிடுவார். டீமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் செஷனை ஓடவைக்கும் கருவி) திறந்திருந்தால் ‘ஹூ’வில் வராமல் போகலாம், ‘டீமக்ஸ் எல்எஸ்’ பாருங்கள்.

‘எடிட் எனிவே’தான் இதில் மோசம். இருவரும் சேமிக்கும்போது, படித்த பிறகு கோப்பு மாறிவிட்டது, எழுதவா என்று விம் இரண்டாவது ஆளைக் கேட்கும். அவர் பழக்கதோஷத்தில் ஒய் அடித்தால் முதல் ஆளின் மாற்றம் போச்சு.

பெல்லந்தூர் மழை:
‘ஸ்டில் ரன்னிங்’ இல்லையென்றால் பெரும்பாலும் விபிஎன் அறுந்து செத்த செஷன்தான். (சர்வர் இரண்டு, இரண்டுக்கும் பொதுவான என்எஃப்எஸ் டிஸ்க் என்றால் எச்சரிக்கையில் ஹோஸ்ட்நேமையும், அதாவது மெஷின் பெயரையும் பாருங்க. அடுத்த மெஷினில் ஓடும் விம்மை இங்கிருந்து கண்டுபிடிக்க முடியாது.) ‘மாடிஃபைடு: நோ’ என்றால் உள்ளே ஒன்றுமில்லை, டி அடித்து அழிக்கலாம். ‘எஸ்’ என்றால் ஆர் அடித்து மீட்டு, அதே பெயரில் சேமிக்காமல் ‘:டபிள்யூ கான்ஃபிக்.மீட்பு’ என்று வேறு பெயரில் எழுதி, அசலோடு டிஃப் போட்டு (ஒப்பிட்டு) பாருங்க. அசல் கோப்பு ‘நியூவர் தேன் ஸ்வாப் ஃபைல்’ என்று காட்டினால் ரொம்பக் கவனம்: நீங்கள் மீட்பது பழைய சரக்காக இருக்கலாம். சரிபார்த்த பிறகு .எஸ்டபிள்யூபி (ஸ்வாப்) கோப்பைக் கையால் அழிக்கணும், இல்லையென்றால் மறுபடி இதே கேள்விதான்.

ஆள் ஊரில் இல்லை, செஷன் மட்டும் ஓடுகிறதா? நிரலை நிறுத்தும் வெறும் ‘கில்’ கட்டளை போதும். விம் ஸ்வாப்பை எழுதி வைத்துவிட்டுத்தான் சாகும். ‘கில் -9’ வேண்டாம். வழக்கமாக 200 எழுத்து அடித்த பிறகோ 4 விநாடி சும்மா இருந்த பிறகோதான் ஸ்வாப் எழுதப்படும், கடைசியாக அடித்தது அதில் இருக்காது.

சர்ஜாபூர் ரோடு:
நன்றி. ஆளுக்கொரு கணக்கு வாங்கி, இடிசி (சிஸ்டம் அமைப்பு) கோப்புகளுக்கு சூடோஎடிட் (நிர்வாகி உரிமையோடு திருத்தும் கட்டளை) பயன்படுத்தினால் தொல்லை தீருமா?

முனையம்:
எச்சரிக்கை தீரும், மோதல் தீராது. சூடோஎடிட் ஒரு தற்காலிக நகலைத்தான் திறக்கிறது. ஸ்வாப்பும் அந்த நகலுக்குத்தான். இருவர் ஒரே நேரத்தில் திறந்தால் யாருக்கும் ஈ325 வராது, சேமித்துவிட்டு கடைசியில் எடிட்டரை மூடியவர் எழுதியதே நிற்கும். விம்ஆர்சியில் (விம்மின் அமைப்புக் கோப்பு) ‘டைரக்டரி’யை, அதாவது ஸ்வாப் வைக்கும் இடத்தை, ஹோமுக்குள் மாற்றி வைத்தவர்களுக்கும் இதே கதி: ஒருவர் ஸ்வாப் இன்னொருவர் கண்ணில் படாது. நேனோ எடிட்டரும் லாக்கிங்கை ஆன் பண்ணாதவரை ஸ்வாப் கோப்பைப் பார்க்காது. சூடோயர்ஸ் கோப்புக்கு (யாருக்கு சூடோ உரிமை என்ற பட்டியல்) அதைத் திருத்தும் விசூடோ நிஜமாகவே பூட்டுப் போடும், மற்றவர் திறந்தால் ‘பிஸி’ என்று திருப்பி அனுப்பும். உங்கள் யாமலுக்கு அப்படி எதுவும் கிடையாது. கிட்டில் (மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) வைத்து, சர்வரில் நேரடியாக எடிட் செய்வதை நிறுத்துங்கள்.