சிறு வரவுகளை அனுப்பும்போது பிட்காயின் கட்டணம் ஏன் கூடுகிறது?

கேள்வி (ஹட்டன்):
வெளிநாட்டவர்களுக்கு இலச்சினை வடிவமைத்துக் கொடுக்கும் நான், கூலியைச் சிறு சிறு தொகைகளாகப் பிட்காயினில் பெறுகிறேன். அவற்றை மொத்தமாக அனுப்ப முயன்றால், அதே தொகையை ஒரே தடவையில் பெற்ற நண்பருக்குக் காட்டுவதைவிடப் பல மடங்கு கட்டணம் காட்டுகிறது. காரணம் அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில் (பண்டாரவளை):
தம்பி, கட்டணம் தொகையைப் பொறுத்ததன்று. பரிமாற்றம் பிளாக்கில், அதாவது பரிமாற்றங்களைத் தொகுத்துப் பதியும் தொகுதியில், பிடிக்கும் இடத்தைப் பொறுத்தது. உங்களுக்கு வந்த ஒவ்வொரு வரவும், அனுப்பும்போது தனியாகச் சேர்க்கவேண்டிய உள்ளீடாகவே கிடக்கிறது: இடத்தைச் சிக்கனப்படுத்தும் முறையாக 2017 இல் நடைமுறைக்கு வந்த செக்விட்டின் நேரடி முகவரியில் ஒன்றுக்கு ஏறத்தாழ 68 மெய்நிகர் பைட்டுகள் (அந்த இடத்தை அளக்கும் அலகு), 1 என்ற இலக்கத்தில் தொடங்கும் பழைய முகவரியாயின் 148. செக்விட்டில் பத்து வரவுகளுக்கு 680 ஆகிறது. பைட்டுக்கு 20 சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) கேட்கும் நாளில் அதற்கு மட்டும் 13,600 சடோஷி, 2 சடோஷி போதுமான நாளில் 1,360. ஆகவே நெரிசல் குறைந்த வேளையில் அவற்றை உங்கள் சொந்த முகவரிக்கே அனுப்பி ஒன்றாக்கி வையுங்கள்.

பதில் (பதுளை):
அண்ணன் சொல்வது சரியே. எனினும் ஒன்றாக்கினால், அவ்வரவுகள் யாவும் ஒருவருடையவை என்பது பொதுப் பதிவைப் பார்ப்பவர்களுக்குப் புலப்பட்டுவிடும். இதை நான் சிறிய விடயமாக எண்ணவில்லை. குறைந்த கட்டணத்தில் அனுப்பியது தேங்கி நின்றால், வாலட்டில் பதிலீட்டு வசதி இருக்குமாயின் கட்டணத்தை உயர்த்தி மீண்டும் அனுப்பலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என் முகவரி 1 இல் தொடங்குகிறது. ஒன்றாக்கும்போது செக்விட் முகவரிக்கு அனுப்பலாமா?

பதில் (பண்டாரவளை):
தாராளமாக அனுப்பலாம். ஏற்கெனவே வந்தவற்றுக்கு 148 ஆகவே கணக்கிடப்படும். புதிய முகவரிக்கு வருபவை 68 இல் அடங்கும்.