43-ஆம் நம்பர் வண்டி: ரிச்சர்ட் பெட்டியைப் பார்த்தவர்களும் பார்க்கப் போனவர்களும்

சார்லட், வட கரோலினா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி என்றால் நம்ம ஊர் ட்ரங்குப் பெட்டி இல்லை, அமெரிக்கக் கார் பந்தய ஓட்டுநர் ரிச்சர்டின் குடும்பப் பெயர்; 43 அவர் வண்டி நம்பர். பேங்க் வேலைக்காக சார்லட் வந்து இரண்டு வருஷம் வரை எனக்கும் அந்தப் பெயர் தெரியாது. அவர் ஓட்டிய ஸ்டாக் கார் பந்தயம் (சாதாரணக் கார் தோற்றமுள்ள வண்டிகள்) என்றால் சுற்றிச் சுற்றி இடது பக்கமே திரும்பிக்கொண்டிருப்பது, அவ்வளவுதான் என் ஞானம்.

பக்கத்து வீட்டுத் தாத்தா ரிட்டயர்ட் லேத் மெஷின்காரர். அவர் கராஜ் சுவரில் ஒரு படம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, காது வரை சிரிப்பு. கீழே ஒரு கையெழுத்து. கையெழுத்தா அது, கோலம்! சுழித்துச் சுழித்துப் புள்ளியில் வந்து முடிகிற சிக்குக் கோலம் மாதிரி. அதைப் பற்றிக் கேட்டது என் தப்பு. அடுத்த சனிக்கிழமை என்னையும் என் ஆறு வயசுப் பையனையும் காரில் ஏற்றிக்கொண்டு ராண்டில்மன் பக்கத்தில் லெவல் கிராஸ் என்ற ஊருக்குப் போய்விட்டார். ஊர் என்றால் நாலு வீடு, ஒரு சாலை. பெட்டி குடும்பத்தின் பழைய பட்டறையும் மியூசியமும் அங்கேதான்.

வழியெல்லாம் கதை. ரிச்சர்ட் பெட்டி பிறந்தது 1937. அப்பா லீ பெட்டி 1959-இல் நடந்த முதல் டேட்டோனா 500 பந்தயத்தை ஜெயித்தவர். அதுகூட மூன்று நாள் கழித்து, போட்டோக்களை எல்லாம் பார்த்த பிறகு அறிவித்த வெற்றி. 21 வயசு ஆகும் வரை மகன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தாராம். 1958 ஜூலையில் மகனுக்கு 21 நிறைந்தது. அதே மாதம் டொரான்டோவில், ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் பெரிய தொடரில் முதல் பந்தயம். நடுவில் முன்னால் போக வழி கேட்டு இடித்துத் தள்ளியது வேறு யாருமில்லை, அப்பாவேதான். அடுத்த வருஷம் அட்லாண்டா லேக்வுட் மைதானத்தில் மகன் முதல் முறை ஜெயித்துக் கொடியும் வாங்கிவிட்டான். சுற்றுக் கணக்கு தப்பு என்று புகார் கொடுத்து அந்த வெற்றியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவரும் அப்பாதான். தாத்தா இதைச் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தார். நான் என் அப்பாவை நினைத்துக்கொண்டேன், சிரிப்பு வரவில்லை.

மியூசியத்தில் அன்று எங்களுக்கு அதிர்ஷ்டம். மனிதர் நேரிலேயே இருந்தார். ஒட்டடைக் குச்சி உயரம், இறகு செருகிய கௌபாய் தொப்பி. சின்ன வரிசைதான். ஆளாளுக்கு தொப்பி, பொம்மைக் கார், பழைய டிக்கெட் என்று கொண்டு வந்திருந்தார்கள். எங்களிடம் ஒன்றுமில்லை. பையன் யோசிக்கவே இல்லை, பையில் இருந்த எலுமிச்சை சாத டிபன் பாக்ஸை நீட்டிவிட்டான். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். மூடி மேல் மார்க்கர் பேனாவால் அதே கோலத்தை ஒரு சுழிகூடக் குறைக்காமல் போட்டுக் கொடுத்தார். கிறுக்கித் தள்ளுகிற அவசரமே இல்லை. சின்ன வயசில் பிசினஸ் காலேஜில் கையெழுத்துப் பயிற்சி எடுத்தவராம். மெனக்கெட்டு வந்து வரிசையில் நிற்கிறவனுக்குப் படிக்கிற மாதிரி ஒரு கையெழுத்து தரவேண்டும் என்பது அவர் கணக்கு என்றார் தாத்தா. அந்த நினைப்பிலேயே வீடு வரை வந்தேன்.

உங்களில் யாராவது இவரையோ வேறு ஓட்டுநரையோ நேரில் பார்த்ததுண்டா?

---

கான்கார்ட் பக்கம் இருக்கேன்

நான் அவரைப் பாத்ததில்ல, ஆனா அவர் பேர்ல நடந்த ரைடுல போயிருக்கேன். ஆபீஸ்ல பர்த்டே கிஃப்ட்னு வாங்கிக் குடுத்தாங்க. சார்லட் மோட்டார் ஸ்பீட்வே, ஒன்றரை மைல் ட்ராக். நாம பக்கத்துல உக்காரணும், அவங்க ஆளு ஓட்டுவாரு. மூணே சுத்து.

மொத அதிர்ச்சி, காருக்குக் கதவே இல்ல. ஜன்னல் வழியா காலை விட்டு உள்ள எறங்கணும். என் தொப்பைக்கு அது ஒரு தனி அனுபவம், அத விடுங்க. ரெண்டாவது, ஸ்பீடோமீட்டர் கெடையாது. இன்ஜின் எத்தன சுத்து சுத்துதுன்னு காட்டுற மீட்டர் மட்டும்தான். மூணாவது, திருப்பம். டிவில பாத்தா தட்டையாத் தெரியும். அங்க 24 டிகிரி சாய்வு. செவத்துல ஏறுற மாதிரி ஏறி, கழுத்து வலது பக்கம் பிச்சுக்கிட்டுப் போகுது. மூணு சுத்து முடிஞ்சு எறங்கும்போது சட்டை நனைஞ்சிருச்சு. இந்த ட்ராக்ல மே மாசக் கடைசியில 600 மைல் ரேஸ் நடக்கும், கிட்டத்தட்ட நாலு மணி நேரம். உள்ள 50 டிகிரிக்கு மேல சூடு. "சும்மா உக்காந்து ஓட்டுறதுதானே"ன்னு இனிமே சொல்ல மாட்டேன்.

ஏறினதும் ஜன்னல்ல ஒரு வலை மாட்டினாங்க. எதுக்குன்னு கேட்டேன். 1970-ல டார்லிங்டன் ட்ராக்ல பெட்டி கார் செவத்துல மோதி உருண்டப்ப அவர் தலையும் கையும் ஜன்னலுக்கு வெளிய தொங்கிருச்சு. அதுக்கப்புறம்தான் இந்த வலை கட்டாயம் ஆச்சு. அந்த வீடியோவை வீட்டுக்கு வந்துதான் பாத்தேன். ஏறுறதுக்கு முன்னாடி பாத்திருந்தா ஏறியிருக்க மாட்டேன்.

---

அட்லாண்டா, பழைய மாணவன்

நான் பார்த்தது பெட்டியின் கடைசிப் பந்தயத்தை. 1992 நவம்பர் 15. அப்போது அட்லாண்டாவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வகத்தில் கூட இருந்த தென் ஜார்ஜியாப் பையன் ஒருவன் உபரி டிக்கெட் இருக்கிறது என்று இழுத்துப் போனான். எனக்கு அப்போது கிரிக்கெட் தவிர வேறு விளையாட்டு தெரியாது. ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடிய கூட்டத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்த வருஷம் முழுக்க அவருக்கு விடையனுப்பு விழா மாதிரி ஊர் ஊராகக் கொண்டாடியிருந்தார்கள். 35 வருஷ ஓட்டம். 200 வெற்றிகள். அவருக்கு அடுத்து நிற்கும் டேவிட் பியர்சனுக்கே 105தான். 1967-இல் மட்டும் 48 பந்தயங்களில் 27 வெற்றி, அதில் தொடர்ச்சியாக 10. ஏழு முறை சாம்பியன். கடைசி வெற்றி 1984 ஜூலை 4, டேட்டோனாவில். அதிபர் ரீகன் விமானத்திலிருந்தே தொலைபேசியில் "இன்ஜினை இயக்குங்கள்" என்று தொடங்கி வைத்துவிட்டு, பிறகு மைதானத்துக்கே வந்து பார்த்த பந்தயம். ஆனால் கவனியுங்கள்: 1984-க்குப் பின் எட்டு வருஷம் ஒரு வெற்றிகூட இல்லை. அந்த எட்டு வருஷத்தை யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து, ஓட்டி, பின்னால் முடித்து, வேலிக்குப் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று பந்தயத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஓடியிருக்காது. முன்னால் நடந்த மோதலில் அவர் வண்டியும் சிக்கி முன்பக்கம் தீப்பிடித்துக்கொண்டது. புல் மேட்டில் வந்து நின்றது. பக்கத்தில் இருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார், சாவு வீட்டில் நிற்கிற மாதிரி. தீ அணைந்து மனிதர் இறங்கி நடந்தார். நாங்கள் முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. மெக்கானிக்குகள் மணிக்கணக்காக அடித்துத் தட்டி, முன்பக்கத் தகடே இல்லாத அந்த எலும்புக்கூட்டை, கடைசிச் சில சுற்றுகளுக்கு வெளியே அனுப்பினார்கள். ஓடிக்கொண்டே முடிக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். கணக்கில் 35-ஆம் இடம். ஜெயித்த பில் எலியட்டுக்குக் கிடைத்ததைவிட அதற்குத்தான் சத்தம் அதிகம்.

சாம்பியன்ஷிப்பை ஆலன் குல்விக்கி வெறும் 10 புள்ளியில் எலியட்டிடமிருந்து தட்டிச் சென்றதும் அதே நாளில்தான். அடுத்த ஏப்ரலில் குல்விக்கி விமான விபத்தில் போய்விட்டார். 31-ஆவதாக முடித்த 21 வயசுப் பையன் ஒருவனை நான் கவனிக்கவே இல்லை. அது ஜெஃப் கோர்டனின் முதல் பந்தயம். பின்னால் நான்கு முறை சாம்பியன் ஆனவர். ஒரே மதியத்தில் ஒருவர் போக ஒருவர் வர, நான் பாட்டுக்கு வறுத்த கடலை தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

---

கோயமுத்தூர்க்காரன், முன்னே கிரீன்ஸ்பரோ

பெட்டியப் பத்தி நீங்க பேசுங்க, நான் நம்மூர்க்காரரப் பத்திச் சொல்றனுங்க. நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன் ஓட்டுன மொத இந்தியர்னு எல்லாத்துக்கும் தெரியும். 2010-ல அவரு இங்க நாஸ்கார் ட்ரக் சீரிஸ்ல ஓட்டுனாருன்னா பாதிப் பேரு நம்பறதில்லீங்க. ட்ரக்குன்னா நம்ம லாரி இல்ல, பிக்கப் வண்டி.

மார்ச் 27, மார்ட்டின்ஸ்வில். எங்கூட்டுல இருந்து ஒரு மணி நேரம். ரூம்மேட்டுக நாலு பேரும் ஒரே கார்ல போனோம். அந்த ட்ராக்கப் பாத்தா சிரிப்புத்தான் வருமுங்க. ஒரு சுத்து அரை மைலு. ரெண்டு நீளம், ரெண்டு கொண்டை ஊசி வளைவு, மொத்தத்துல பேப்பர் கிளிப்பு. ஜெயிச்சா கோப்பைக்குப் பதிலா ஆளுயரக் கடிகாரம் குடுப்பாங்க. செட்டிப்பாளையம் கரி ட்ராக்ல வேலியப் புடிச்சுக்கிட்டு நின்னு வளந்தவனுங்க நான். இவரு மணிக்கு 300 கிலோமீட்டர்ல போன ஆளு, இந்தக் குண்டுச்சட்டிக்குள்ள வந்து குதிரை ஓட்டறாரேன்னு இருந்துச்சு. ஆனா அங்க வேகம் முக்கியமில்லீங்க. இடிச்சுக்கிட்டே போகோணும். ஃபார்முலா காருல சக்கரம் பட்டாலே கத முடிஞ்சுது. இங்க பம்பர்ல தட்டி வழி கேக்கறது மரியாத மாதிரி. மேல தாத்தா கதைல அப்பாவே இடிச்சாருன்னு படிச்சதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு.

முன்னப்பின்ன ஓட்டாத வண்டி, முன்னப்பின்ன பாக்காத ட்ராக். 13-ஆவதா முடிச்சாரு. வண்டிக வரிசையா நின்னப்ப எங்கள்ல ஒருத்தன் "அண்ணா, கோயமுத்தூர்!"னு கத்துனான். திரும்பிக் கையத் தூக்கினாரு. சுத்தி இருந்த வெள்ளக்காரங்க எல்லாம் எங்கள ஒருவிதமாப் பாத்தாங்க, அப்பறம் ஒருத்தர் பியர் வாங்கிக் குடுத்தாரு.

அந்த வருசக் கடைசில ரசிகருங்க ஓட்டுல ட்ரக் சீரிஸோட ரொம்பப் புடிச்ச ஓட்டுநர் விருது யாருக்குங்க? அவருக்கேதான்! ஒரு ரேஸும் ஜெயிக்காத, அந்த ஒரே வருசம் ஓட்டுன ஆளுக்கு. இந்தியாவுல இருந்து வந்த ஓட்டு எத்தனைன்னு நான் எண்ணலீங்க, எங்கூட்டுல இருந்து போனத மட்டும் நல்லாத் தெரியும்.

---

ஹன்ட்ஸ்வில், அலபாமா

எல்லோரும் தேன் தடவிப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பைச் சொல்கிறேன். இங்கே அலபாமாவில் உள்ள டாலடேகா பந்தய மைதானத்துக்கு 2014-இல் ஒரு முறை குடும்பத்தோடு போனேன். யாரும் எங்களை ஒரு சொல் சொல்லவில்லை, அது உண்மை. ஆனால் மைதானத்துக்கு நடுவே நிறுத்தியிருந்த வண்டிகளின் மேல் வரிசையாகக் கான்ஃபெடரேட் கொடிகள், அடிமை முறையைக் காக்க உள்நாட்டுப் போர் செய்த தென் மாநிலங்களின் கொடி. மகள் அது என்ன கொடி என்று கேட்டாள். பதில் சொல்லிவிட்டு, பாதியில் எழுந்து வந்துவிட்டோம். நாஸ்கார் அந்தக் கொடியைத் தடை செய்தது 2020 ஜூனில்தான்.

பெட்டியும் அந்த மண்ணின் மனிதர்தான். விளையாட்டு வீரர்கள் இனவெறியை எதிர்த்துத் தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட 2017-இல், எழுந்து நிற்காதவர்கள் நாட்டை விட்டே போகவேண்டும் என்று சொன்னவர். அன்றோடு அவரை என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். பிறகு 2020 ஜூன் 22. அதே டாலடேகா. பெட்டி குழுவின் 43-ஆம் நம்பர் வண்டியை அப்போது ஓட்டியவர் பப்பா வாலஸ், அந்தத் தொடரில் முழுநேரம் ஓட்டிய ஒரே கறுப்பின ஓட்டுநர். அவருக்கு ஒதுக்கிய கராஜில் தூக்குக் கயிறு முடிச்சு, கறுப்பர்களைக் கும்பலாகத் தூக்கிலிட்ட காலத்தின் மிரட்டல் அடையாளம், இருந்ததாகப் பெரிய பரபரப்பு. (அது முந்தைய அக்டோபரிலிருந்தே அங்கே தொங்கிய கதவுக் கயிறு என்று எஃப்பிஐ பின்னால் சொன்னது.) கொரோனா உச்சத்தில் இருந்தபோது, 83-ஐத் தொடப்போகும் கிழவர் வந்து வாலஸின் தோளில் கை வைத்து நின்றார். எல்லா ஓட்டுநர்களும் வாலஸின் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள். டிவியில்தான் பார்த்தேன். மகள் அப்போது கல்லூரி. "அப்பா, இவரைத்தானே நீங்க திட்டினீங்க?" என்றாள். இரண்டும் ஒரே ஆள்தான் என்றேன். வேறு என்ன சொல்ல.

---

ராண்டில்மன் முகாமில் தன்னார்வலராக இருந்தவள்

நான் நர்ஸ். லெவல் கிராஸ் மியூசியத்துக்குப் போனவர்கள் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் விக்டரி ஜங்ஷன் முகாமைப் பார்த்திருப்பீர்கள். தீராத நோயுள்ள குழந்தைகளுக்கான இலவசக் கோடை முகாம். அந்த நிலம் ரிச்சர்டும் அவர் மனைவி லிண்டாவும் கொடுத்தது. 2004-இல் திறந்தார்கள். கட்டடங்கள் எல்லாம் கார் பந்தயப் பாணியில், கண்ணைப் பறிக்கிற நிறங்களில். மருத்துவப் பகுதிக்கே "பாடி ஷாப்" என்றுதான் பெயர். ஊசிக்கு அழும் பிள்ளைகூட "பாடி ஷாப்புக்கு வா, டயர் மாத்தணும்" என்றால் வந்துவிடும்.

அது ஆடம் பெட்டியின் நினைவாகக் கட்டியது. ரிச்சர்டின் பேரன், கைல் பெட்டியின் மகன். லீ, ரிச்சர்ட், கைல், ஆடம் என்று நான்காவது தலைமுறை. 2000 ஏப்ரல் 2, டெக்சாஸில் பெரிய தொடரில் ஆடமின் முதல் பந்தயம். மூன்று நாளில் கொள்ளுத் தாத்தா லீ காலமானார். மே 12, நியூ ஹாம்ப்ஷயரில் பயிற்சி ஓட்டத்தில் ஆக்சிலரேட்டர் சிக்கி ஆடமின் வண்டி சுவரில் மோதியது. 19 வயசு. இரண்டே மாதத்தில் அதே திருப்பத்தில் கென்னி இர்வினும் இறந்தார். ஸ்டியரிங்கிலேயே இன்ஜினை நிறுத்தும் பொத்தான் வந்தது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். கான்கார்ட்காரர் சொன்ன வலை மாதிரி. கைல் அதற்கப்புறம் மகனுடைய 45-ஆம் நம்பரிலேயே ஓட்டினார்.

ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் பெரியவர் வந்தார். கேமரா இல்லை, கூட வந்தவர்களும் இல்லை. சக்கர நாற்காலியில் இருந்த பையன் ஒருவன் அவர் தொப்பியைக் கேட்டான். கழற்றி அவன் தலையில் வைத்தார், அது மூக்கு வரை இறங்கியது. தொப்பி இல்லாமல் அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை, எங்கள் தெரு முனையில் நிற்கிற யாரோ ஒரு தாத்தா மாதிரி இருந்தார். பையன் சாப்பிட்டு முடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

முதலில் எழுதிய சார்லட் அண்ணாவிடம் ஒரு கேள்வி. அந்த டிபன் பாக்ஸ் இப்போது எங்கே?

---

சார்லட், வட கரோலினா

அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம் தங்கச்சி. வந்த அன்று ராத்திரியே வீட்டுக்காரி அதை டிஷ்வாஷரில் போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, உள்ளே எலுமிச்சை சாதம் ஒட்டியிருந்தது. காலையில் எடுத்தால் முதல் சுழியும் கடைசி சுழியும் மட்டும் மிச்சம், நடுவில் ஒன்றுமில்லை. பையன் ஒரு நாள் முழுக்க அழுதான். பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். அதனாலென்ன, சனிக்கிழமை மறுபடி போகலாம் என்றார். போனோம், அன்று மனிதர் இல்லை.

அந்த டப்பாவில் வேறு எதையும் வைக்க அவன் விடவில்லை. இப்போது பேட்டரி, திருகாணி எல்லாம் அதில்தான் கிடக்கிறது.