மறுமொழி: இன்டர்புரொஃபஷனல் கொலாபரேஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். வெவ்வேறு சுகாதாரத் தொழிலார் சேர்ந்து பணியாற்றுவதைக் குறிக்கும் இந்த ஆங்கிலத் தொடருக்கு, நம் அகராதிப் பதிவுக்காகத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'துறையிடை ஒத்துழைப்பு' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். இதய மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் ஒரு நோயாளியைப் பற்றிக் கலந்து பேசினால் அது துறையிடை. இருவரும் மருத்துவர்கள், ஒரே அடிப்படைப் படிப்பைப் படித்து வந்தவர்கள். நாம் பெயர் தேடுவது மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை சிகிச்சையாளர், உணவியலாளர், சமூகப் பணியாளர் என்று தனித்தனிப் படிப்பும் தனித்தனிப் பொறுப்பும் உள்ளவர்கள் சேர்ந்து இயங்குவதற்கு. 'துறையிடை' இன்டர்டிசிப்ளினரிக்கு ஏற்கெனவே புழங்குகிறது. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

'பணியிடை' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் அதற்கு அடுத்த சொல்லாக 'நீக்கம்' வந்து நிற்கும். 'பணியிடைப் பயிற்சி'யும் வேலையில் இருந்துகொண்டே பெறும் பயிற்சி என்று நிலைத்துவிட்டது. 'பல்பணி'யைக் கணினிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். 'தொழிலிடை' என்றால் இரண்டு ஆலைகள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டதுபோல் தொனிக்கிறது.

இழை நீண்டுகொண்டே போவதற்குக் காரணம், கருத்தைப் பிரித்துப் பார்க்காமல் சொல்லைத் தேடுவதுதான் என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட செயற்சட்டகத்தில் (வழிகாட்டு ஆவணத்தில்), இப்படிச் சேர்ந்து இயங்கப் பழக்கும் கல்விக்கு ஒரு வரையறை இருக்கிறது. அதன் சாரம் இது: இரண்டோ அதற்கு மேலோ ஆன தொழில்களைப் பயிலும் மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது, அதன் நோக்கம், பின்னால் சேர்ந்து வேலை செய்யவும் நோயாளிக்கு நல்லது நடக்கவும் வழி செய்வது. நாலு பிரிவு மாணவர்களை ஒரே அரங்கில் உட்கார வைத்து உடற்கூறியல் நடத்தினால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அப்படிப் பக்கத்தில் உட்காருவதற்கு 'மல்ட்டி' என்ற முன்னொட்டு, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதற்கு 'இன்டர்'. தமிழிலும் 'பல்' வேறாகவும் 'இடை' வேறாகவும் இருந்தாக வேண்டும். 'பல்தொழில்' போதும் என்றவருக்கு இதுவே என் பதில்.

வார்டில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் ஒரு நோயாளி. நோய்த்தொற்றுக்கு மெட்ரோனிடசோல் எழுதப்படுகிறது. காலையில் பல் துலக்கியபோது ஈறில் இரத்தம் கசிந்ததைச் செவிலியர் பார்த்துத் தன் குறிப்பேட்டில் எழுதுகிறார். நடைப்பயிற்சி கொடுக்க வந்த இயன்முறை சிகிச்சையாளர் தொடையில் கன்றிப்போன இடத்தைப் பார்த்து, அவருடைய தாளில் எழுதுகிறார். அந்த இரண்டு மருந்தும் சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் கூடும் என்று மருந்தாளுநருக்குத் தெரியும். ஆனால் ஈறும் தொடையும் அவர் காதுக்கு வரவில்லை. மூவரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். அதுதான் 'பல்'. காலைச் சுற்றில் நால்வரும் கட்டிலருகே நின்று, மருந்தாளுநர் வாய் திறந்து, ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பார்க்கச் சொல்லி, மருத்துவர் சீட்டை மாற்றி எழுதினால் அது 'இடை'. ஒருவர் சொன்னது இன்னொருவர் முடிவை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அது கூட்டம், அவ்வளவே.

அடுத்தது 'ஒத்துழைப்பு'. இதை யாரும் கேள்வி கேட்கவில்லை, எனக்கு அதிக நெருடல் இதில்தான். தமிழில் ஒத்துழைப்பு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். 'பொதுமக்கள் ஒத்துழைப்புத் தர வேண்டும்' என்று காவல்துறை சொல்லும். 'நோயாளி ஒத்துழைக்க மாட்டேங்கிறார்' என்று வார்டில் சொல்வார்கள். சொன்னதைக் கேள் என்பதுதான் உள்ளே இருக்கிற பொருள். அதே சொல்லை இங்கே போட்டால் செவிலியர் மருத்துவருக்கு ஒத்துழைப்பதாகத்தான் படிப்பவர் மனத்தில் பதியும். கோஆப்பரேஷனுக்கு அது இருக்கட்டும், கோஆர்டினேஷனுக்கு 'ஒருங்கிணைப்பு' இருக்கிறது. கொலாபரேஷனுக்குக் 'கூட்டுழைப்பு' என்பது என் பரிந்துரை. ஒரு கை தருவதும் ஒரு கை வாங்குவதுமாக இல்லாமல், உழைப்பே பொதுவாக இருக்கிறது.

இது வெறும் சொல்லாசை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பங்கையும் சொல்ல வேண்டும் என்று ஓர் அம்சம் உண்டு. பெயர் சொல்லி வாயைத் திறந்தவர், பிறகு 'ஒரு நிமிஷம், பஞ்சு எண்ணிக்கை இடிக்குது' என்று சொல்லவும் துணிவார் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைச் சோதித்து 2009-இல் வெளியான ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அந்த ஒரு அம்சத்தால் மட்டும் என்று சொல்ல முடியாது, பட்டியலில் மொத்தம் 19 அம்சங்கள். இருந்தாலும் மூத்தவரிடம் இளையவர் பேசும் வழி திறக்கப்பட்டது முக்கியம். 'ஒத்துழைப்பு' என்ற சொல்லில் அந்த வழி கிடையாது.

டீமுக்கு 'அணி'யா 'குழு'வா என்பதில் நான் குழு பக்கம். அணி என்றதும் ஒன்று விளையாட்டு, இல்லையென்றால் கட்சி உடைந்த செய்தி.

சரி, புரொஃபஷனுக்கு வருகிறேன். இலங்கைத் தமிழில் 'தொழில்வாண்மை', 'ஆசிரியர் வாண்மை விருத்தி' என்றெல்லாம் இயல்பாக எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் பழக்கமில்லை என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. வேறு எந்தப் பொருளும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பது பெரிய வசதி. சேர்த்துப் பார்த்தேன்: தனிவாண்மைக் கல்வி, பல்வாண்மைக் குழு, வாண்மையிடைக் கல்வி, வாண்மையிடைக் கூட்டுழைப்பு. சுவீடனில் லிங்சோப்பிங் பல்கலைக்கழகம் 1996-இல் தொடங்கியதுபோல, பல பிரிவு மாணவர்கள் மேற்பார்வையில் சேர்ந்து நடத்தும் வார்டுக்கு 'வாண்மையிடைப் பயிற்சி வார்டு' என்றால் ஒரு தரம் படித்ததும் பிடிபடுகிறது. முதல் முறை வரும்போது 'பல தொழிலார் சேர்ந்து' என்று ஒரு வரி விளக்கம் போட்டுவிட்டால் போதும்.

அப்புறம் ஒன்று. மூன்று மடல்களுக்கு முன் வந்த வரைவில் 'மருத்துவர்களும் துணை மருத்துவப் பணியாளர்களும்' என்று இருந்தது. அதை எடுத்துவிடுங்கள். சமமாக உட்கார வைக்கும் சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது, பாதிப் பேரை முதல் வரியிலேயே 'துணை' ஆக்கினால் எப்படி? ஒவ்வொரு தொழிலையும் பெயர் சொல்லி எழுதலாம், நீளமானால் ஆகட்டும்.

ஆக, அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

வாண்மையிடைக் கூட்டுழைப்பு: வெவ்வேறு சுகாதாரத் தொழில்களைச் சேர்ந்தவர்கள், நோயாளியையும் குடும்பத்தாரையும் உட்படுத்தி, ஒருவர் அறிவு மற்றவர் முடிவைத் திருத்தும் வகையில் சேர்ந்து பணியாற்றுவது.

'நோயாளியையும் குடும்பத்தாரையும் உட்படுத்தி' என்ற தொடரை வெட்டச் சொல்வீர்கள் என்று தெரியும். வெட்டாதீர்கள், அது அந்த 2010 ஆவணத்திலும் உள்ள கருத்து.

ஸ்கோப் ஆஃப் பிராக்டிஸ், அதாவது ஒரு தொழிலார் என்னென்ன செய்யலாம் என்ற வரம்பு, இன்னும் பாக்கி. 'பணி எல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். வேலி போட்டதுபோல் இருக்கிறது, ஆனால் அதைவிட நல்லது எனக்கு அகப்படவில்லை. இலங்கை நண்பர்கள் யாராவது அங்கே தாதியர் பாடநூல்களில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொன்னால் அதையும் முடித்துவிடலாம்.