இயற்பியல் துறைக்கு ஒர்க்லோடு: அட்டவணையில் 111 மணி, 7 ஆசிரியர்கள், ஆனாலும் ஏன் பற்றவில்லை?

கேள்வி (இயற்பியல் துறை)

அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி. அடுத்த பருவத்துக்கு ஒர்க்லோடு (எந்த ஆசிரியருக்கு வாரம் எத்தனை மணி வகுப்பு என்ற பங்கீடு) போட வேண்டும். துறையில் இணைப் பேராசிரியர்கள் இருவர், உதவிப் பேராசிரியர்கள் ஐவர். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஒழுங்குமுறைப்படி முன்னவர்களுக்கு வாரம் 14 மணி, பின்னவர்களுக்கு 16 மணி. ஆக 108.

தியரி: இளநிலை மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 31, முதுநிலைக்கு 38, கணிதம், வேதியியல் மாணவர்களுக்கான துணைப்பாடம் 8. மொத்தம் 77. செய்முறை: இளநிலைக்கு 12, துணைப்பாடத்துக்கு 6, முதுநிலைக்கு 16. மொத்தம் 34. இரண்டும் சேர்ந்து 111. மூன்று மணிதான் கூடுதல் என்று தெரிகிறது. நடப்பில் இணைப் பேராசிரியர்கள் நிர்வாக வேலை என்று 10 மணியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், உதவிப் பேராசிரியர்கள் எல்லோரும் 20ஐத் தாண்டிவிடுகிறார்கள். இதில் நிர்வாகம் செய்முறை இரண்டு மணியை ஒரு மணியாக எடுத்து, மொத்தம் 94தான், ஒரு பணியிடம் உபரி என்கிறது. கணக்கு எங்கே இடிக்கிறது?

பதில் 1 (கால அட்டவணைக் குழு)

நீங்கள் கூட்டியிருப்பது அறைக்கான மணி. ஒர்க்லோடுக்கு வேண்டியது ஆசிரியருக்கான மணி. தியரியில் இரண்டும் ஒன்றுதான். செய்முறையில்தான் பிரியும்.

இளநிலையிலும் துணைப்பாடத்திலும் வகுப்புக்கு 50 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 பேராக இரண்டு பேட்ச், ஒரே நேரத்தில் இரண்டு ஆசிரியர்கள் ஆய்வகத்தில் நிற்க வேண்டும். அட்டவணையில் அது 18 மணி, ஆசிரியர் கணக்கில் 36. முதுநிலையில் 25 பேருக்கு ஒருவர் போதும், அது 16. ஆக செய்முறை 52. தியரி 77ஐச் சேர்த்தால் 129. அனுமதிக்கப்பட்ட 108ஐக் கழித்தால் 21 மணி பற்றாக்குறை. ஒரு கௌரவ விரிவுரையாளருக்கு 16 மணி கொடுத்த பிறகும் 5 மணி மிஞ்சும். இணைப் பேராசிரியர்கள் 10 மணியோடு நின்றால் மீதி 109ஐ ஐந்து பேர் பகிர வேண்டும், ஆளுக்கு 21.8. நீங்கள் சொல்லும் மூச்சுத் திணறல் இந்த எண்தான்.

செய்முறையைப் பாதியாக்கும் பழக்கம் கிரெடிட் கணக்கிலிருந்து வந்தது. மாணவர் வாரம் ஒரு மணி தியரி கேட்டால் ஒரு கிரெடிட், இரண்டு மணி செய்முறை செய்தால் ஒரு கிரெடிட். அது மாணவரின் உழைப்புக்கான அளவு. ஆசிரியரின் வேலையை அளக்க அதை எடுக்கக் கூடாது. 2016 மே மாதம் யுஜிசி ஆசிரியர்களுக்கும் அப்படிப் பாதிக் கணக்கைக் கொண்டுவந்தது. தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்துவதைப் புறக்கணித்தார்கள், சில வாரங்களிலேயே அது கைவிடப்பட்டது. 2018 ஒழுங்குமுறை 16, 14 என்பதை நேரடிக் கற்பித்தல் மணி என்றே சொல்கிறது.

ஆய்வகத்தில் நிற்பது என்ன பாதி வேலையா? ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனையையே பாருங்கள். சோடியம் விளக்கு முழு ஒளிக்கு வரவே சில நிமிடம் ஆகும். பிறகு ஒவ்வொரு மாணவராகப் பட்டகத்தைத் திருப்பி, பிம்பம் திரும்பும் இடத்தைப் பிடித்துக் காட்ட வேண்டும். வெர்னியரை ஒருவர் தவறாகப் படித்தால் அவருடைய அட்டவணை முழுக்கத் தவறு. 25 பேருக்கு ஒருவர் என்றாலே மூன்று மணியில் ஆளுக்கு 7 நிமிடம்தான். 50 பேருக்கு ஒருவரை நிறுத்தினால் மாணவர்கள் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எண்களை எழுதிவிடுவார்கள்.

ஆகவே நிர்வாகத்துக்குக் கொடுக்கும் தாளில் ஒவ்வொரு செய்முறைக்கும் மாணவர் எண்ணிக்கை, பேட்ச், ஆசிரியர் எண்ணிக்கை, மணி என்று நான்கு கட்டம் போடுங்கள். 94 என்று சொல்பவர் எந்தக் கட்டத்தில் எதைக் குறைக்கிறார் என்று காட்டியாக வேண்டும்.

பதில் 2 (ஆங்கிலத் துறை)

மணியைச் சரியாக எண்ணினாலும் பாதிதான் முடியும். 16 மணி எல்லோருக்கும் ஒரே 16 அல்ல.

மொழித் துறையில் ஒருவருக்கு வாரம் 4 மணி வீதம் 4 வகுப்பு, வகுப்புக்கு 60 பேர். இரண்டு சிஐஏ (உள்மதிப்பீட்டுத் தேர்வு), ஒரு மாடல் தேர்வு. 240 பேருக்கு 720 விடைத்தாள். விடைத்தாளுக்கு 10 நிமிடம் வைத்தால் 120 மணி நேரம். 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 8 மணி. முதுநிலையில் 4 தாள் (அதாவது பாடம்) எடுப்பவருக்குத் தாளுக்கு 25 பேர் என்றால் 300 விடைத்தாள்தான், வாரம் மூன்று மணிக்குச் சற்று மேல். அவருக்குத் தயாரிப்பு அதிகம் என்பது உண்மை, அதையும் எழுத வேண்டும். ஒழுங்குமுறை கேட்பது வாரம் 40 மணி, ஆண்டுக்கு 30 வாரம். 16 போக மிஞ்சும் 24 எங்கே போகிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அங்கேதான் அநியாயம் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று, தாள்களின் எண்ணிக்கை. ஒரே தாளை இரண்டு பிரிவுக்கு நடத்துபவருக்கு ஒரு முறை தயாரித்தால் போதும். நான்கு வேறு தாள் எடுப்பவருக்கு நான்கு முறை. பாடத்திட்டம் மாறிய ஆண்டில் புதிய தாளுக்கு ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி தயாரிப்பாவது வேண்டும். ஒருவருக்கு மூன்று தாளுக்கு மேல் வேண்டாம், அதில் புதியது ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று துறையில் முடிவெடுத்துக்கொள்ளுங்கள். இதை வைத்து யாருடைய 16ஐயும் குறைக்க முடியாது. ஆனால் மிஞ்சும் அந்த 5 மணியை யார் எடுப்பது என்று வரும்போது விடைத்தாள், தயாரிப்பு, தாள் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கேள்வி கேட்டவர்

129 கணக்கு இப்போதுதான் புரிகிறது, நன்றி சார், நன்றி மேடம். இரண்டு சந்தேகம். நாக் (கல்லூரித் தர மதிப்பீடு), நாட்டு நலப்பணித் திட்டம், தேர்வுப் பணி இவற்றுக்கு மணி குறைக்கலாமா? எங்கள் பீரியடு 50 நிமிடம். 16 மணி என்றால் 19 பீரியடு என்கிறார்கள், அது சரியா?

பதில் 3 (சுயநிதிப் பிரிவு)

50 நிமிடக் கணக்கைப் பெருக்கினால் 19.2 வரும், அது உண்மைதான். ஆனால் அப்படி எடுத்தால் எல்லாவற்றுக்கும் அப்படியே எடுக்க வேண்டும். ஆசிரியருக்கு 19 பீரியடு கேட்டுவிட்டு, அடுத்த வகுப்புக்கு நடக்கும் நேரத்தையும் வருகைப் பதிவையும் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமில்லை. பெரும்பாலும் ஒரு பீரியடை ஒரு மணி என்றே எடுக்கிறார்கள். எதுவானாலும் பருவம் தொடங்கும் முன்பே துறைக் கூட்டக் குறிப்பில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

நிர்வாகப் பணிக்குத் தளர்வு கொடுத்தால் இரண்டு மணிக்கு மேல் போக விடாதீர்கள். 14க்குப் பதில் 10 எடுத்தால் அந்த 4 மணி இளையவர் தலையில்தான் விழும். பெரிய பொறுப்பு ஆளுக்கு ஒன்று, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கை மாற வேண்டும். கணினி நன்றாகத் தெரியும் என்பதற்காக நாக் கோப்பு முழுவதையும் கடைசியாகச் சேர்ந்தவரிடம் தள்ளுவது பல துறைகளில் நடக்கிறது, அதைத் தடுங்கள்.

அதிகம் கவிழ்வது விடுப்பில்தான். ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் அவருடைய 16 மணியால் மீதி ஆறு பேருக்கும் ஆளுக்கு இரண்டரை மணிக்கு மேல் கூடும். ஒரு நாள் இரண்டு நாளுக்கு ஆல்டரேஷன் (அவர் வகுப்பை இன்னொருவர் எடுப்பது) போட்டுச் சமாளிக்கலாம், பருவம் முழுக்க அது ஓடாது. விடுப்பு விண்ணப்பம் வந்த அன்றே மாற்று ஆளுக்கு எழுதிப் போடுங்கள்.

பதில் 4 (கால அட்டவணைக் குழு)

அட்டவணை போடும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் துணைப்பாடம், ஏனென்றால் அந்த நேரம் கணிதம், வேதியியல் துறைகளின் கையில் இருக்கிறது. அடுத்து இளநிலை செய்முறையின் மூன்று மணிக் கட்டங்கள், இரண்டு ஆசிரியர் பெயரோடு. பிறகு முதுநிலை, கடைசியில் இளநிலை தியரி. தியரியை முதலில் நிரப்பினால் செய்முறைக்கு இரண்டாவது ஆசிரியர் எந்த டே ஆர்டரிலும் (அட்டவணையில் எண்ணிட்ட நாள்) ஓய்வாக இருக்க மாட்டார், 50 பேரோடு ஒருவர்தான் நிற்பார்.

கௌரவ விரிவுரையாளருக்கு எல்லோரும் வேண்டாம் என்று விட்ட மணிகளைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஐந்து வகுப்பில் துண்டு துண்டாக 16 மணி எடுப்பவருக்கு ஒரு தாளைக்கூட முழுதாக நடத்த முடியாது. இரண்டு முழுத் தாளும், இரண்டு செய்முறையில் இரண்டாவது ஆசிரியர் இடமும் கொடுங்கள்: 5, 5, 3, 3.