பந்து மலைப்பாம்பின் ‘வாபுள்’: தள்ளாட்டம் என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

பந்து மலைப்பாம்புகளில் சில தலை ஆடி, கழுத்து திருகி, நிலை தடுமாறுவதை ஆங்கிலத்தில் வாபுள் (wobble) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை தலையாட்டம், நடுக்கம், வலிப்பு, சமநிலைக் குலைவு, அலமரல் என ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. அவற்றை எடைபோடும் முன், அந்தப் பாம்பு உண்மையில் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அதைப் பார்க்காதவர்கள் அகராதியை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

பந்து மலைப்பாம்பு மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருளும். பெயர் அதனால் வந்தது. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து வளர்ப்புச் சந்தைக்குப் போய், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எண்ணற்ற நிறரகங்களாகப் பெருகிவிட்டது. (சென்னை விமான நிலையத்தில் கடத்தலில் பிடிபட்டதாக அவ்வப்போது செய்தியில் வருவதும் இதே பாம்புதான்.) அந்த நிறரகங்களில் ஒன்று ஸ்பைடர். உடம்பில் கறுப்பு மெலிந்து, சிலந்தி வலை போலக் கோடு கோடாக ஓடும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பாம்பிலிருந்து 1999-இல் தொடங்கிய வழி இது. அந்த அழகோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் வாபுள்.

சும்மா சுருண்டு கிடக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இடுக்கியில் எலியைக் காட்டினால் தெரிந்துவிடும். தலை இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். கழுத்து மெல்லத் திருகித் திருகி, தாடையின் வெளிறிய அடிப்பக்கம் மேலே வந்துவிடும். பாய்ந்து கவ்வப் பார்க்கும். வாய் எலிக்குப் பக்கத்தில் போய் விழும். மல்லாத்தி வைத்தால் மற்ற பாம்புகள் சட்டென்று புரண்டு நிமிர்ந்துகொள்ளும். இது திணறும். சிலவற்றுக்கு இது லேசாகத்தான் இருக்கும், சிலவற்றுக்கு இரை எடுப்பதே பெரும்பாடு.

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> தலையாட்டம் எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் தமிழில் தலையாட்டினால் சம்மதம் என்று பொருள். தவிர, சிக்கல் தலையோடு நிற்பதில்லை, புரண்டு நிமிர முடியாமல் போவது முழு உடம்பின் சிக்கல்.

> நடுக்கம் ஏற்கெனவே மருத்துவத்தில் இருக்கிறது.

இருப்பதால்தான் வேண்டாம் என்கிறேன். அங்கே அதற்குத் திட்டமான பொருள் உண்டு. இந்தப் பாம்புகளில் தலை நடுங்குவது ஓர் அறிகுறி மட்டுமே. கழுத்துத் திருகலும் குறி தவறுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை.

> வலிப்பு என்றால் எல்லோருக்கும் புரியும்.

இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். புரியும், ஆனால் தவறாகப் புரியும். வலிப்பு மூளையில் எழுவது. ஸ்பைடரின் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நுண் சிடி படங்களோடு காட்டியது: உட்செவியில். சமநிலையை உணரும் அரைவட்டக் குழல்களும், அவற்றோடு சேர்ந்த சிறுபையும் வடிவம் கெட்டிருந்தன. பாம்புக்கு வெளிக்காதுதான் இல்லை, உட்செவி நம்மைப் போலவே உண்டு. எது மேல், எது கீழ் என்று அதற்குச் சரியாகத் தெரியாமல் போவதால்தான் தலை அலைகிறது. வலிப்பு என்று எழுதினால், படிப்பவர் வலிப்பு மருந்தைத் தேடிப் போவார்.

சமநிலைக் குலைவு காரணத்தைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் அது விளக்கமாகத்தான் நிற்கிறது, பெயராக நாக்கில் உட்காரவில்லை. பொதுத் தலைப்பாக வைத்துக்கொள்ளலாம்.

அலமரல் என்னை மயக்கிய சொல். தொல்காப்பிய உரியியல் அதற்குச் சுழற்சி என்றே பொருள் தருகிறது. திருகும் கழுத்துக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் பாம்பு வளர்க்கும் இளைஞர் கால்நடை மருத்துவரிடம் போய் ‘டாக்டர், அலமரல் இருக்கிறது’ என்று சொல்வாரா? இருவருக்கும் அகராதி வேண்டியிருக்கும். கலைச்சொல் என்பது அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிய வேண்டும் என்பது என் கட்சி.

ஆகவே என் பரிந்துரை தள்ளாட்டம். ‘தள்ளாட்டம் காலுள்ளவற்றுக்குத்தானே’ என்று ஒரு நண்பர் தனி மடலில் கேட்டார். கப்பலும் தள்ளாடுகிறது, அதற்குக் கால் ஏது? நிலை கொள்ளாமல் இப்படியும் அப்படியும் போவது எதுவானாலும் தள்ளாட்டம்தான். தலைக்கும் பொருந்தும், உடம்புக்கும் பொருந்தும், குறி தவறுவதையும் அணைத்துக்கொள்கிறது.

ஆனால் தள்ளாட்டம் என்று மட்டும் எழுதி நிறுத்தினால் போதாது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். ஸ்பைடர் அல்லாத பந்து மலைப்பாம்பும் தள்ளாடும். அளவுக்கு மீறிய சூட்டில் கிடந்தாலும் தள்ளாடும். உண்ணி ஒழிக்கப் போட்ட பூச்சிமருந்து ஏறினாலும், தலையில் அடிபட்டாலும் தள்ளாடும். மலைப்பாம்புகளைத் தாக்கும் உள்ளடக்க உடல் நோய் (inclusion body disease) என்ற வைரஸ் நோயிலும் இதே கோலம்தான், அது மற்ற பாம்புகளுக்கும் பரவும். பிறவியில் வந்தது மருந்துக்குத் தீராது, ஆனால் தொற்றாது. நேற்று வரை நன்றாக இருந்த பாம்பு இன்று தள்ளாடினால் அதை உடனே தனியே பிரித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ‘ஓ, வாபுள்தானே’ என்று விட்டுவிடுவார்கள், பாம்பு செத்துப்போகும். அதனால் கண்ணில் படும் அறிகுறிக்குத் தள்ளாட்டம், ஸ்பைடர், வோமா, ஷாம்பெயின் போன்ற ரகங்களில் மரபுவழி வருவதற்குப் பிறவித் தள்ளாட்டம் என்று பிரித்து வைப்போம்.

பிறவி என்று பெயரிலேயே இருந்தால் இன்னொன்றும் தெளிவாகும். இது வளர்ப்பவர் கவனக்குறைவால் வந்ததில்லை, இனப்பெருக்கம் செய்தவர் தேர்ந்தெடுத்ததால் வந்தது. பிரிட்டனில் பன்னாட்டு ஊர்வனவியல் சங்கம் 2018 முதல் தன் நிகழ்ச்சிகளில் ஸ்பைடர் விற்பனையைத் தடை செய்தது இதனால்தான். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அப்புறம், கூட வரும் சின்னச் சொற்கள். தலையை வானத்தை நோக்கித் தூக்கியபடியே நிற்பதை ஆங்கிலத்தில் ஸ்டார்கேஸிங் என்பார்கள், அதை ‘விண்மீன் பார்த்தல்’ என்று மொழிபெயர்க்க வேண்டாம். நம்மிடம் அண்ணாத்தல் இருக்கிறது, அண்ணாந்து பார்ப்பது யாருக்குத் தெரியாது? கழுத்து முறுக்கிக்கொள்வதற்குத் திருகல் போதும்.

மல்லாத்திய பாம்பு தானே நிமிர்ந்துகொள்ளும் அனிச்சைச் செயலுக்குத்தான் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. புரண்டெழல் என்று எழுதிப் பார்த்தேன், ‘எழல்’ பாம்புக்கு ஒட்டுமா என்ற தயக்கம் இருக்கிறது. நிமிர்வனிச்சை என்றால் சொற்புணர்ச்சி உறுத்துகிறது. கால்நடை மருத்துவம் படித்தவர்கள் வகுப்பில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.