முதுமையில் அறியாத முகமும் அறிந்த முகமாகத் தோன்றுவது ஏன்?

கேள்வி (உப்புவெளி வாசகர்):
78 வயதான என் அம்மம்மா, கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் முன்பின் அறியாதவர்களையும் தெரிந்தவர்கள் என்றெண்ணி நலம் விசாரிக்கிறார். வீட்டாரை ஒருபோதும் மாற்றி அழைத்ததில்லை. இது மறதிநோயின் தொடக்கமா?

பதில் 1:
உடனே அவ்வாறு முடிவு செய்ய வேண்டியதில்லை. புதிய முகங்களை நினைவில் பதிக்கும் திறன் முப்பதுகளின் தொடக்கத்தில் உச்சத்தை எட்டி, பின்னர் மெல்லக் குறைகிறது என்று 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. முதியவர்களிடம் மிகுந்து காணப்படுவது, தெரியாத முகத்தைப் பார்த்த முகமென்று நம்பும் பிழையே. ஏனெனில் பரிச்சய உணர்வு பெரிதும் நிலைத்திருக்க, அம்முகத்தை எங்கே, எப்போது கண்டோம் என்று மீட்டெடுக்கும் ஆற்றல் முன்னதாகவே தளர்ந்துவிடுகிறது. (கோயில் வாசலில் நலம் கேட்பதை நோயென்றால் எங்கள் ஊரில் பலரும் நோயாளிகளே!)

பதில் 2:
கண்புரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பார்வை மங்கினால் முகங்களின் நுண்ணிய வேறுபாடுகள் மறைந்துவிடும்.

பதில் 3:
நெருங்கிய உறவினரின் முகமே பிடிபடாமல், குரலைக் கேட்ட பின்னரே அறிந்துகொள்ளும் நிலை வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது திடீரென்று நேர்ந்தால் பக்கவாதமாகவும் இருக்கலாம் என்பதால், தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.