புதுப்பிப்பு: பிசினஸ் வகுப்பில் இருவர் அருகருகே அமர எந்த இருக்கைகள்?

இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வளைகுடா வழியாக லண்டனுக்கு அம்மாவுடன் செல்கையில், பிசினஸ் வகுப்பில் ஜன்னலோரம் முன்பின்னாக அமர்வதா, நடுவில் அருகருகே அமர்வதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

நடு இருக்கைகள் என்ற யோசனையே சரியாக அமைந்தது. ஆயினும் 1-2-1 அமைப்பில் (இரு ஜன்னலோரங்களிலும் ஒவ்வோர் இருக்கை, நடுவில் இரண்டு) எல்லா வரிசைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்று ஒருவர் எச்சரித்திராவிட்டால் தவறியிருப்பேன். லண்டன் விமானத்தில் ஒரு வரிசையில் இரு நடு இருக்கைகளும் ஒட்டியிருக்க, அடுத்த வரிசையில் அவை நடைபாதைப் பக்கம் விலகி, இடையில் சிறு மேசைகள் வந்துவிடுகின்றன. இருக்கை வரைபடத்தில் இந்த இடைவெளியை உற்றுப் பார்த்தே தெரிவு செய்தேன். நடுத்தடுப்பை இறக்கியதும் அம்மா தன் தட்டிலிருந்த பழத்துண்டுகளை என் பக்கம் தள்ளத் தொடங்கிவிட்டார்.

எதிர்பாராதது ஒன்று: புறப்பட இரு நாட்களுக்கு முன் முதற்கட்டப் பயணத்துக்கான விமானம் 2-2-2 அமைப்புடையதாக (இரு ஜன்னலோரங்களிலும் நடுவிலும் இவ்விரண்டு இருக்கைகள்) மாற்றப்பட்டு, நாங்கள் வெவ்வேறு வரிசைகளில் போடப்பட்டிருந்தோம், அறிவித்தல் எதுவும் வரவில்லை. தற்செயலாகப் பதிவைத் திறந்து பார்த்ததால், தொலைபேசியில் அழைத்துச் சரிசெய்ய முடிந்தது. அவ்வமைப்பில் ஜன்னலோரம் இருப்பவர், பக்கத்திலிருப்பவர் படுத்துவிட்டால் அவருடைய கால்களைத் தாண்டியே கழிப்பறைக்குச் செல்ல வேண்டும் என்பதால், அம்மாவை நடைபாதைப் பக்கம் அமர்த்தினேன்.